சந்தேகப்பட்டவரின் மலை

தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. இரவு பத்து மணியைத் தாண்டிவிட்டது. மலையாற்றூர் அடிவாரத்தில் பஸ்களும் வேன்களும் இன்னும் வந்தவண்ணம் இருக்கின்றன. இறங்குகிறவர்கள் முதல் வேலையாகச் செருப்பைக் கழற்றுகிறார்கள். வேனின் கூரையிலிருந்து மரச்சிலுவையை அவிழ்த்து இறக்குகிறார்கள் இளைஞர்கள் சிலர். எட்டுப் பேர் சேர்ந்தால்தான் தூக்க முடியும் என்கிற கனம். பக்கத்தில் ஒரு மூதாட்டி. அவர் கையில் ஜெபமாலையும் குச்சிகள் இரண்டைக் குறுக்காக வைத்துக் கட்டிய சின்னச் சிலுவையும் மட்டுமே. இரு தரப்புக்கும் போகவேண்டிய இடம் ஒன்றுதான். இருட்டில் விளக்குகளின் வரிசையாக மேலே ஏறிச் செல்லும் குரிசுமுடி.

மலை, ஆறு, ஊர் மூன்றும் சேர்ந்ததுதான் மலையாற்றூர். தமிழருக்கு அந்தப் பெயரை யாரும் விளக்கவேண்டியதில்லை. எர்ணாகுளம் மாவட்டத்தில், பெரியாற்றின் கரையில், காடு தொடங்கும் இடத்தில் இருக்கிறது ஊர். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் ஆலுவாவிலோ அங்கமாலியிலோ ரயிலை விட்டு இறங்கி, காலடி வழியாக பஸ் பிடிக்கிறார்கள். அங்கமாலியிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். வழியில் வரும் காலடி, ஆதிசங்கரர் பிறந்த ஊர். குழந்தை சங்கரரின் காலடி பட்ட இடத்தில் ஆறு திசை மாறி ஓடியது என்பது அங்குள்ள ஐதீகம். அதே ஆற்றின் கரையோடு இன்னும் ஏழெட்டு கிலோமீட்டர் போனால் மலையாற்றூர். இங்கே மலை உச்சிப் பாறையில் ஒரு பாதச் சுவடு. அது ஏசுவின் சீடர் தோமையாருடையது என்று நம்புகிறார்கள்.

கடல் மட்டத்திலிருந்து 609 மீட்டர் உயரம். அடிவாரத்திலிருந்து உச்சிவரை பாறையும் வேரும் கல்லுமாகக் கிடக்கும் பாதையில் சிலுவைப்பாதையின் 14 ஸ்தலங்கள். நல்ல கால் உள்ளவர்களுக்கே ஏற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மாதங்களில் கேரளத்தின் வெயில் இரக்கம் காட்டுவதில்லை. அதனால் பெரும்பாலோர் இரவில் ஏறி விடியலில் இறங்குகிறார்கள்.

கி.பி. 52-இல் கொடுங்ஙல்லூரில் வந்திறங்கிய தோமையார், மலைநாட்டையும் பாண்டிய நாட்டையும் இணைத்த வணிகப் பாதையில் இந்த வழியாக வந்தார் என்பது கேரளக் கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. ஊரார் விரட்ட, அவர் மலைமேல் ஏறினாராம். பாறையில் விரலால் சிலுவை வரைந்து அதை முத்தமிட்டு ஜெபித்தாராம். பின்னாளில் வேட்டைக்குப் போனவர்கள் இரவில் பாறை ஒளிர்வதைக் கண்டார்கள், அங்கே பொன் சிலுவை தோன்றியது என்று கதை நீளுகிறது. அதனால்தான் இங்கே தோமையாருக்குப் பொன் குரிசு முத்தப்பன் என்று பெயர். முத்தப்பன் என்றால் பாட்டனார். ஏறுகிறவர்கள் அவரை அந்த உறவு சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். ஒரு குழு கூவ, மேலே போய்க்கொண்டிருக்கும் இன்னொரு குழு இருட்டிலிருந்து பதில் குரல் கொடுக்கிறது. சபரிமலைக்குப் போய்வந்தவர்களுக்கு இந்த ஒலி அந்நியமாகத் தெரியாது.

தோமையாரின் வருகை குறித்து வரலாற்றாசிரியர்களிடையே விவாதம் உண்டு. ஏறுகிறவர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. அவர்கள் கதையில் இதே தோமையார் பிறகு கிழக்கே நடந்து, சென்னைப் பரங்கிமலையில் ஈட்டியால் குத்தப்பட்டு இறந்து, சாந்தோமில் அடக்கமானவர்.

ஆனால், கிறிஸ்தவ உலகம் தோமையாரை நினைவில் வைத்திருப்பது பயணங்களுக்காக அல்ல. அவர் சந்தேகப்பட்டவர். ஏசு உயிர்த்தெழுந்துவிட்டார் என்று மற்ற சீடர்கள் சொன்னபோது, ஆணிகளின் காயத்தில் விரலையும் விலாவில் கையையும் வைத்துப் பார்த்தாலொழிய நம்பமாட்டேன் என்று சொன்னவர். எட்டு நாள் கழித்து ஏசு மறுபடி வந்து அந்தக் காயங்களையே அவரிடம் காட்டினார் என்கிறது யோவான் நற்செய்தி. ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறன்று தேவாலயங்களில் வாசிக்கப்படுவது இந்தப் பகுதிதான். மலையாற்றூரின் பெரிய திருவிழாவும் அன்றுதான். அந்த நாளுக்குக் கேரளத்தில் புதுஞாயிறு என்று பெயர். நம்பிக்கையைக் காத்துக்கொள்ள ஐம்பது நாள் நோன்பிருந்து ஜனங்கள் ஏறிவருவது, நம்ப மறுத்த ஒருவரின் மலைக்கு.

தமிழ்க் கத்தோலிக்கர்கள் தவக்காலம் என்பதையும் புராட்டஸ்டண்டுகள் லெந்து நாட்கள் என்பதையும் கேரளத்தின் சீரோ மலபார் கிறிஸ்தவர்கள் ஐம்பது நோன்பு என்கிறார்கள். மற்றக் கத்தோலிக்கர்களில் பெரும்பாலோருக்கு நோன்பு புதன்கிழமை தொடங்குகிறது. இவர்களுக்கு அதற்கு இரண்டு நாள் முன்பே, திங்கட்கிழமை, நெற்றியில் சாம்பல் பூசியாகிவிடும். அந்தச் சாம்பலுக்கு இங்கேயும் பெயர் விபூதிதான். முந்தின ஞாயிறு, பேத்தூர்த்தா. திரும்பிப் பார்த்தல் என்று அந்தச் சிரியச் சொல்லுக்குப் பொருள் சொல்கிறார்கள். அன்று இறைச்சி வெந்த சட்டி அதன்பிறகு ஈஸ்டர்வரை அடுப்பேறாது. பழைய தலைமுறையினர் மீன், முட்டை, பால்கூடத் தொடமாட்டார்கள். இன்று அத்தனை கண்டிப்பு எல்லா வீட்டிலும் இல்லை. ஏதாவது ஒன்றை விடாத வீடும் அரிது. இறைச்சியை விடுகிறவர்கள், குடியை விடுகிறவர்கள், டீ, காப்பியை விடுகிறவர்கள் என்று பல வகை. செல்போனைத் தள்ளிவைப்பது இந்தத் தலைமுறையின் சேர்க்கை.

நோன்பின் உயிர் தேவாலயத்தில் இருக்கும் அளவுக்கு வீட்டுக் கூடத்திலும் இருக்கிறது. மாலையில் ஜெபம் முடிந்ததும் சில வீடுகளில் புத்தன்பான பாடுகிறார்கள். 1681-இல் ஜெர்மனியில் பிறந்து, கேரளம் வந்து, சமஸ்கிருதமும் மலையாளமும் கற்று, 1732-இல் இந்த மண்ணிலேயே இறந்த ஏசு சபைப் பாதிரியார் ஹாங்க்ஸ்லேடன் எழுதியது அது. மலையாளிகள் அவரை அர்ணோஸ் பாதிரி என்பார்கள். பூந்தானத்தின் ஞானப்பானை இந்து வீடுகளில் பெற்ற இடத்தை இந்தப் புதிய பானை கிறிஸ்தவ வீடுகளில் பெற்றது. 14 பாதங்கள் கொண்ட அந்த நூலில் பன்னிரண்டாவது, மகனைப் பறிகொடுத்த மரியாளின் புலம்பல். பெரிய வியாழன் இரவிலும் வெள்ளியன்றும் பாட்டிமார் அதை இழுத்துப் பாடும்போது, துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும்.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள் கொழுக்கட்டைச் சனி. பெரிய வியாழன் இரவு பெசஹா அப்பம். அரிசியும் உளுந்தும் அரைத்து, புளிக்கவிடாமல் அவித்து, அதன்மேல் குருத்தோலையைச் சிலுவையாக வைக்கிறார்கள். தொட்டுக்கொள்ளத் தேங்காய்ப்பாலும் வெல்லமும் காய்ச்சிய பால். குடும்பத் தலைவர் அப்பத்தைப் பிட்டு மூத்தவரிலிருந்து இளையவர்வரை வரிசையாகக் கொடுக்கிறார். இதில் ஒரு வழக்கம் கவனிக்கத்தக்கது. அந்த ஆண்டில் சாவு விழுந்த வீட்டில் அப்பம் சுடக்கூடாது. உறவினரோ பக்கத்து வீட்டாரோ தங்கள் வீட்டில் சுட்டுக் கொண்டுவந்து கொடுக்கவேண்டும். துக்கத்தில் இருப்பவர் தன் கையால் செய்துகொள்ள முடியாததை மற்றவர் கொண்டுவந்து தருகிறார். இறைவன் உடனிருக்கிறார் என்பதை மறையுரைகள் பல விதமாக விளக்கலாம். இந்த ஊர்களில் பலருக்கு அது முதலில் தெரியவருவது வாழையிலையால் மூடிய ஒரு தட்டில்தான். மறுநாள் வெள்ளியன்று தேவாலயத்தில் ஒரு வாய் பாகற்காய்ச் சாறு. பிறகு கஞ்சியும் பயறும்.

வீட்டில் இப்படி நாற்பது, ஐம்பது நாள் சேர்த்துவைத்ததைத்தான் ஜனங்கள் மலைக்குக் கொண்டுவருகிறார்கள். கல்யாணமாகாத பெண்ணுக்காக, தேறாத பரீட்சைக்காக, வளைகுடாவில் வேலை இழந்த மகனுக்காக, நின்றுபோன குடிக்காக நேர்ந்துகொண்டவர்கள். கிறிஸ்தவர்கள் மட்டுமல்ல, மற்ற மதத்தினரும் ஏறுகிறார்கள். ஒவ்வொரு ஸ்தலத்திலும் நின்று, மெழுகுவர்த்தி ஏற்றி, முழந்தாள் இட்டு, எழுந்து போகிறார்கள். சிலுவையைத் தூக்குகிறவர்கள் தோள் மாற்றிக்கொள்கிறார்கள். மேலிருந்து இறங்குகிறவர்கள் வழிவிட்டு நிற்கிறார்கள்.

எல்லாமே பக்தி என்று சொல்லிவிடவும் முடியாது. எலுமிச்சைச் சாறும் சம்பாரமும் விற்கும் கடைகள் வழி நெடுக இருக்கின்றன. பிளாஸ்டிக் குப்பை காட்டுக்குள் பறக்கிறது. சிலுவையைத் தோளில் வைத்துக்கொண்டு செல்போனில் படம் எடுப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு இது ஓர் இரவு உல்லாசப் பயணம். இறங்கிவந்த களைப்பில் பெரியாற்றில் குளிக்கப் போய், ஆழம் தெரியாமல் உயிர்விட்டவர்களும் உண்டு. இத்தனைக்கும் நடுவே இறைவனைக் கவனிப்பது எப்படி? வழக்கமாக ஏறுகிறவர்களுக்கு இதற்குப் பெரிய பதில் எதுவும் கிடையாது. முதல் மூன்று ஸ்தலங்கள்வரை பேச்சு இருக்கும். பிறகு மூச்சு வாங்கும். ஏழாவது, எட்டாவதில் யாரும் பேசுவதில்லை. எதிரே இருக்கும் கல், அதற்கடுத்த கல், முன்னால் போகிறவரின் வெடித்த குதிகால் என்று கண் சுருங்கிவிடும். விரும்பி மௌனமாக இருக்கத் தெரியாதவர்களை மலை மௌனமாக்கிவிடுகிறது.

இந்தப் பாதையில் ஆறாவது ஸ்தலத்தில் மட்டும் ஊர்க்காரர்கள் சற்றுக் கூடுதலாக நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. 2018 மார்ச் 1. நோன்பின் மூன்றாவது வாரம். குரிசுமுடியின் பொறுப்பாளராக இருந்த பாதிரியார் சேவியர் தேலக்காட், வயது 52, மலையிலிருந்து நடந்து இறங்கிக்கொண்டிருந்தார். ஆறாவது ஸ்தலத்தின் அருகே அவரை வழிமறித்தவர், அதே மலைக்கோயிலில் கப்யாராகப் பல காலம் வேலை பார்த்தவர். கப்யார் என்றால் தமிழ்நாட்டில் கோயில்பிள்ளை. மணி அடிப்பது, பலிபீடத்தைத் தயார் செய்வது, மெழுகுவர்த்தி ஏற்றுவது எல்லாம் அவர் பொறுப்பு. நடத்தை சரியில்லை என்று வேலையிலிருந்து விலக்கப்பட்டிருந்தார். வாக்குவாதம் நடந்தது. கத்திக்குத்து பாதிரியாரின் தொடையில் விழுந்தது. கீழே தூக்கிவந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோவதற்குள் ரத்தம் அனைத்தும் வெளியேறி அவர் இறந்துபோனார். குத்தியவர் மறுநாள் பிடிபட்டார்.

கேரளம் அதிர்ந்தது. எங்கோ இருந்து வந்த பகைவர் செய்ததென்றால் கோபத்துக்கு ஒரு திசை இருந்திருக்கும். இது ஒரே பலிபீடத்தில் நின்ற இருவருக்கு இடையே, தவக்காலத்தில், சிலுவைப்பாதையிலேயே நடந்தது. தியாகமும் மன்னிப்பும் போதிக்கப்படும் பாதையில் பாறைமேல் ரத்தம். அந்த ஆண்டு மலையேறியவர்களில் எத்தனை பேருக்கு, தோமையாரின் கேள்வி தங்கள் கேள்வியாக இருந்திருக்கும் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

அந்தத் தவக்காலம் முடிவதற்குள் இன்னொன்றும் நடந்தது. கொல்லப்பட்ட பாதிரியாரின் தாயார், கொன்றவரின் வீட்டுக்குப் போனார். அவமானத்திலும் பயத்திலும் ஒடுங்கியிருந்த அவர் மனைவியைக் கட்டி அணைத்துத் தேற்றினார். மன்னித்துவிட்டதாகச் சொன்னார். செய்தித்தாள்களில் அது சில அங்குலச் செய்திதான். சட்டம் தன் வழியில் நடந்தது. மன்னிப்பு வழக்கை மாற்றவில்லை, மகனைத் திருப்பித் தரவும் இல்லை. ஆனால், சாவு விழுந்த வீட்டுக்கு அப்பம் கொண்டுபோகும் ஊர்களில், அந்தத் தாய் செய்ததன் பொருள் யாருக்கும் விளக்கவேண்டியிருக்கவில்லை. இங்கே சாவு விழுந்தது தாயின் வீட்டில். கொண்டுபோய்க் கொடுத்ததும் அவர்தான்.

சிலுவைப்பாதையின் ஆறாவது ஸ்தலம், வெரோணிக்கா ஏசுவின் முகத்தைத் துடைப்பது. இந்தப் பெண் நான்கு நற்செய்திகளிலும் இல்லை. மரபு சேர்த்துவைத்த பெயர் அது. கூட்டமும் படைவீரர்களும் சூழ்ந்திருக்க, சிலுவையை இறக்கிவைக்க அவளால் முடியாது. தண்டனையை நிறுத்த முடியாது. கையில் இருந்த துணியால் முகத்தின் ரத்தத்தையும் வியர்வையையும் துடைக்கிறாள். அவ்வளவுதான். நூற்றாண்டுகளாக ஒவ்வொரு நோன்பிலும் அந்த இடத்தில் கிறிஸ்தவர்கள் முழந்தாள் இடுகிறார்கள். 2018-க்குப் பிறகு குரிசுமுடியின் ஆறாவது ஸ்தலத்தில் முழந்தாள் இடுகிறவர், பாதிரியாரை நினைத்துக்கொள்கிறார். சிலர் அந்தத் தாயையும் நினைத்துக்கொள்கிறார்கள்.

சோதனை அதோடு நிற்கவில்லை. அதே 2018 ஆகஸ்டில் பெரியாறு கரையை மீறி காலடியையும் சுற்று ஊர்களையும் மூழ்கடித்தது. 2020-இல் தவக்காலத்தின் நடுவில் நாடெங்கும் பொதுமுடக்கம் வந்தது. புனித வாரத்தில் தேவாலயக் கதவுகள் சாத்தப்பட்டிருந்தன. மலையேற ஆளில்லை. பூசையைத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். ஆனால் பெசஹா அப்பம் வீட்டில் பிட்கப்பட்டது. புத்தன்பான வீட்டில் பாடப்பட்டது. நோன்பு வீட்டில் வேர் பிடித்திருந்ததால் அந்த ஆண்டு அது அறுந்துபோகவில்லை.

அடுத்து வந்தது சபைக்குள்ளேயே சண்டை. மலையாற்றூர் அடங்கிய எர்ணாகுளம் - அங்கமாலி உயர் மறைமாவட்டத்தில், பூசையின்போது பாதிரியார் மக்களைப் பார்த்து நிற்பதா, பலிபீடத்தைப் பார்த்து நிற்பதா என்ற தகராறு. பாதிப் பூசை அப்படி, பாதி இப்படி என்று 2021-இல் ஆயர் மன்றம் கொண்டுவந்த ஒரே மாதிரி முறையை இங்குள்ள பாதிரியார்களிலும் மக்களிலும் பெரும்பாலோர் ஏற்கவில்லை. 2022-இன் இறுதியில் எர்ணாகுளம் பேராலயம் பூட்டிக்கிடக்கும் அளவுக்கு மோதல் முற்றியது. சமாதானம் சொல்ல வேண்டியவர்களே நியாயம் கேட்டுத் தெருவில் நின்றார்கள். பக்தர்களில் பலர் மனம் கசந்தது உண்மை. பாதிரியார் எந்தத் திசையில் நின்றாலும் மலைப்பாதை ஒரே திசையில்தான் போகிறது என்பது ஏறுகிறவர்களுக்கு ஆறுதல்.

பதினான்காவது ஸ்தலம் தாண்டினால் உச்சி. பொன் சிலுவை தோன்றியதாகச் சொல்லப்படும் இடம், பாதச் சுவடு, நீரூற்று, சிறு தேவாலயம். யானை குத்திய பள்ளி என்று பெயர் பெற்ற பழைய கோயிலும் இருக்கிறது. காட்டு யானைகள் தந்தத்தால் குத்திய அடையாளங்களை அதன் சுவரில் காட்டுகிறார்கள். அதிகாலைப் பூசைக்கு மணி அடிக்கும்போது பாறைகள்மேல் சுருண்டு படுத்திருப்பவர்கள் எழுந்து உட்காருகிறார்கள். கிழக்கே காட்டின் விளிம்பு வெளுக்கிறது. கீழே மணப்பாட்டுச் சிறை என்னும் ஏரியும் அதற்கப்பால் பெரியாறும் முதலில் சாம்பல் நிறமாகவும், பிறகு வெள்ளியாகவும் தெரிகின்றன.

கொண்டுவந்த சிலுவைகளைத் திருப்பி எடுத்துப்போகும் வழக்கம் இல்லை. அவை உச்சியிலேயே விடப்படுகின்றன. எட்டுப் பேர் தூக்கிவந்த மரமும், கிழவி கட்டிய குச்சியும் ஒரே குவியலில் சாய்ந்துகிடக்கின்றன. யார் என்ன வேண்டினார்கள், யாருக்கு எது கிடைத்தது என்று அந்தக் குவியலைப் பார்த்துச் சொல்ல முடியாது. போன ஆண்டு நேர்ந்துகொண்டது நடக்காதவர்களும் இந்த ஆண்டு வந்திருக்கிறார்கள். வேண்டியது நடந்தும் வராமல் போனவர்கள் இருப்பார்கள்.

இறங்கும்போது முழங்கால்கள் நடுங்குகின்றன. ஆறாவது ஸ்தலத்தை மறுபடி கடக்கவேண்டும். அந்த நேரத்தில் அங்கே புதிதாக ஏறிவரும் ஒரு குழு நின்றுகொண்டிருக்கலாம். இறங்குகிறவர்களில் யாரோ ஒருவர் தன் தண்ணீர் பாட்டிலை அவர்கள் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். பேர் கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை.

ஈஸ்டர் முடிந்து புதுஞாயிறு வரும். தோமையார் விரலை நீட்டிய கதை மறுபடி வாசிக்கப்படும். உயிர்த்தெழுந்தவரின் உடலிலும் காயம் மறைந்துவிடவில்லை என்பதுதான் அந்தக் கதை. அவர் அடையாளம் தெரிந்ததும் அதை வைத்துத்தான். மலையாற்றூர்க்காரர்களுக்கு அந்த வாசகம் இப்போது முன்பைவிட நன்றாகப் புரிகிறது. அவர்கள் மலையிலும் ஒரு காயம் இருக்கிறது. அதை ஒட்டித்தான் பாதை மேலே போகிறது.